உயில் எழுதியாயிற்று, மூலத்தை எங்கே வைப்பது?

விருதுநகர் மாவட்டத்துக்கு ஆட்சியர் அலுவலகம் விருதுநகரில்; மாவட்ட முதன்மை நீதிமன்றம் ஸ்ரீவில்லிபுத்தூரில். ராஜபாளையம், சாத்தூர், சிவகாசி, அருப்புக்கோட்டை என்று சுற்றுவட்டாரத்தில் முளைக்கும் சொத்துத் தகராறு பலவும் ஏதாவது ஒரு கட்டத்தில் இந்த ஆண்டாள் ஊரின் நீதிமன்றப் படியேறிவிடுகிறது. அவற்றுள் உயில் வழக்கு தனி வகை. மற்ற வழக்குகளில் பத்திரம் எழுதிக் கொடுத்தவரைக் கூண்டில் ஏற்றிக் கேட்கலாம். உயில் வழக்கில் எழுதியவர் உயிரோடு இல்லை. அவர் மனதில் இருந்ததைச் சொல்ல மிஞ்சியது ஒரு தாள்தான்.

உயிலை எப்படி எழுதுவது என்று சொல்ல வழக்கறிஞர்களும் ஆவண எழுத்தர்களும் இருக்கிறார்கள். எழுதிக் கையெழுத்துப் போட்ட பின் அந்த மூலத்தை எங்கே வைப்பது என்பதைத்தான் குடும்பங்கள் யோசிப்பதில்லை. பீரோ, வங்கி லாக்கர், வக்கீல் வீடு, சார்பதிவாளர் அலுவலகம், மாவட்டப் பதிவாளர் அலுவலகம் ஆகிய ஐந்து இடங்களுக்கும் தனித்தனிப் பலமும் பலவீனமும் உண்டு. சட்டத்தையும் நடைமுறையையும் வைத்து அவற்றை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

மூலம் ஏன் அவ்வளவு முக்கியம்?

1925ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டத்தின் 63ஆம் பிரிவுப்படி உயிலில் எழுதியவர் கையெழுத்திட வேண்டும்; குறைந்தது இரண்டு சாட்சிகள் சான்றொப்பம் இட வேண்டும். முத்திரைத்தாள் தேவையில்லை, பதிவும் கட்டாயமில்லை. வெள்ளைத் தாளில் கைப்பட எழுதியதும் செல்லும். ஆனால் மின்னணு உயில் செல்லாது. 2000ஆம் ஆண்டுத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் முதல் அட்டவணை உயிலை விலக்கி வைத்திருக்கிறது. கைப்பேசியில் படம் எடுத்து வைத்திருக்கிறோம், மின்னஞ்சலில் இருக்கிறது என்று சொல்வதெல்லாம் தேடுவதற்கு உதவும். உயிலின் இடத்தை நிரப்பாது.

மூலம் காணாமல் போனால் என்ன ஆகும் என்பதில்தான் விஷயத்தின் சிக்கல் இருக்கிறது. அதே சட்டத்தின் 70ஆம் பிரிவு, எழுதியவரே ரத்து செய்யும் எண்ணத்தோடு உயிலைக் கிழித்தாலோ எரித்தாலோ அது ரத்தாகிவிடும் என்கிறது. எழுதியவர் கையிலேயே கடைசிவரை இருந்த உயில் அவர் இறந்த பின் அகப்படவில்லை என்றால், அவரே அதை அழித்திருப்பார் என்ற வாதம் எழ இதுவே இடம் கொடுக்கிறது. நம் நாட்டு வீடுகளின் நிலைமையை வைத்துப் பார்த்தால் அந்த அனுமானத்தை எச்சரிக்கையோடுதான் கொள்ள வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் துர்கா பிரசாத் எதிர் தேவி சரண் வழக்கில் சொல்லியிருக்கிறது. இருந்தாலும் வாதம் எழும். அதற்குப் பதில் சொல்ல வருடங்கள் ஆகும்.

237ஆம் பிரிவு ஒரு வழி விடுகிறது. எழுதியவர் இறந்த பிறகு உயில் தொலைந்திருந்தாலோ, அவர் செயலால் அல்லாமல் விபத்தாலோ பிறர் தவறாலோ அழிந்திருந்தாலோ, பாதுகாத்து வைத்த நகலையோ வரைவையோ கொண்டு புரொபேட் (உயில் மெய்யானது என்ற நீதிமன்றச் சான்று) கேட்கலாம். நகலும் இல்லையென்றால் உள்ளடக்கத்தைச் சாட்சியம் மூலம் நிரூபிக்க 238ஆம் பிரிவு இடம் தருகிறது. ஆக, மூலம் தொலைந்தால் உரிமை அன்றே போய்விடாது; அதை நிரூபிக்கும் சுமைதான் பல மடங்காகும். வேண்டுமென்றே ஒருவர் உயிலை ஒளித்தாலோ அழித்தாலோ அது பெருங்குற்றம். முன்பு இந்தியத் தண்டனைச் சட்டம் 477, இப்போது பாரதிய நியாய சன்ஹிதா 343. ஆயுள் தண்டனை வரை போகலாம். ஆனால் உயில் ஒன்று இருந்தது என்பதையே காட்ட முடியாத வீட்டில் அந்தப் பிரிவு யாருக்கும் பயன்படாது.

வீட்டுப் பீரோ

நம் பக்கத்துக் குடும்பங்களில் பத்திரங்கள் தூங்கும் இடம் இரும்புப் பீரோவின் உள்ளறை. அதற்கும் முந்திய தலைமுறை டிரங்குப் பெட்டியில் வைத்தது. ஒரு பழைய கட்டைப் பிரித்துப் பாருங்கள். துணிப்பைக்குள் ரப்பர் பேண்டு போட்டுச் சுருட்டிய தாள்கள். ரப்பர் உருகித் தாளோடு ஒட்டியிருக்கும். கிரயப் பத்திரத்தின் மூலையில் மங்கலத்துக்குத் தடவிய மஞ்சள். நான்காக மடித்த மடிப்பு வாக்கில் தாள் விட்டுப்போயிருக்கும். அந்த மடிப்பு சரியாகச் சர்வே எண்ணின் மீதோ கையெழுத்தின் மீதோ ஓடும். குண்டூசி துருப்பிடித்த இடத்தில் ஓட்டை. ஓரங்களில் ராமபாணப் பூச்சி அரித்த தடம். மலையடிவாரத்து ஊர்கள் இவை. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் சுவர் ஓதம் காத்துவிட்டால் கரையானுக்குப் பீரோவின் அடித்தட்டு எட்டாத தூரமில்லை.

இப்படிக் கிழிந்த தாள் விற்பனைப் பத்திரமாக இருந்தால் பதிவு அலுவலகத்தில் சான்றிட்ட நகல் வாங்கிக்கொள்ளலாம். பதிவாகாத உயில் கிழிந்திருந்தால், அது தானாகக் கிழிந்ததா, எழுதியவர் கிழித்ததா என்ற கேள்வி வந்துவிடும். அதனால்தான் காகிதத்தைக் காப்பதும் உயிலைக் காப்பதும் ஒன்றாகிறது. உயிலை மடிக்காமல், துளையிடாமல், அதன் அளவுக்கேற்ற உறையில் வைக்க வேண்டும். லேமினேட் செய்யவே கூடாது. சூடு மையைக் கெடுக்கும், கையெழுத்தை நிபுணர் ஆராயவும் இடையூறாகும். ஒரு முறை கோத்த பின்னைப் பிரித்து மறுபடி அடிக்கவும் கூடாது; இரட்டை ஓட்டை தெரிந்தால் நடுவில் பக்கம் மாற்றப்பட்டதா என்று கேட்பார்கள். ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்தும் பக்க எண்ணும் இருக்கட்டும். மனம் மாறினால் ஓரத்தில் பேனாவால் திருத்தி வைப்பது பயன்படாது. 71ஆம் பிரிவுப்படி, அந்தத் திருத்தத்துக்கும் உயிலுக்கு உண்டான கையெழுத்தும் சாட்சியும் வேண்டும்.

2023 டிசம்பரில் திருநெல்வேலி, தூத்துக்குடி மாவட்டங்களை மூழ்கடித்த மழை காகிதத்தின் இன்னொரு பகையைக் காட்டியது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 செ.மீ.க்கு மேல் பெய்தது. தரைத்தள வீடுகளில் பீரோ நின்ற இடத்திலேயே நீருக்குள் போனது. அதனால் ஆவணங்களைப் பீரோவின் மேல்தட்டில், தண்ணீர் புகாத உறைக்குள் வைப்பது எவருக்கும் எளிது.

இவ்வளவு செய்தாலும் பீரோவுக்குத் தீராத குறை ஒன்று உண்டு: சாவி யார் கையில் இருக்கிறதோ, உயிலும் அவர் கையில்தான் இருக்கிறது. கூடவே இருந்து பார்த்துக்கொள்ளும் பிள்ளைக்கு உயில் பாதகமாக இருந்தால், கேதம் விசாரிக்க வந்தவர்கள் கலையும் முன்பே அந்தத் தாளுக்கு ஆபத்து வரலாம். இப்படி எல்லாரும் செய்வதில்லை. ஆனால் சோதனையில் நிற்க வைக்காமலிருப்பது பிள்ளைகளுக்கும் நல்லது.

வங்கி லாக்கர்

நெருப்புக்கும் பூச்சிக்கும் லாக்கர் நல்ல காப்பு. மூலக் கிரயப் பத்திரங்களுக்கு அது பொருத்தமான இடம். உயிலுக்கு அப்படிச் சொல்ல முடியாது. லாக்கர்தாரர் இறந்த பின் அதைத் திறக்க உரிமை யாருக்கு என்பதை உயிலின் மூலம் காட்ட நினைத்தால், அந்த உயில் லாக்கருக்குள் இருக்கும். நியமனதாரரோ கூட்டு லாக்கர்தாரரோ இருந்தால் திறக்கலாம். ஆனால் நியமனதாரர் பொருளைப் பெற்றுக்கொள்பவர் மட்டுமே, உரிமையாளர் அல்லர் என்பது 1984ஆம் ஆண்டு சர்பதி தேவி வழக்கிலிருந்து உச்ச நீதிமன்றம் பல சூழல்களில் சொல்லிவரும் நிலை. அவர் கையில் உயில் முதலில் கிடைக்கும். அது அவருக்கே பாதகமான உயிலாகவும் இருக்கலாம். உறையிட்டு ஒட்டியிருந்தால் வங்கி பிரித்துப் பார்க்காமல் அப்படியே ஒப்படைக்க வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. எனவே உள்ளே உயில் இருந்தது என்பதற்கு வங்கியும் சாட்சியாகாது.

2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த ரிசர்வ் வங்கி விதிகள், தீ, திருட்டு, கட்டட இடிவு, ஊழியர் மோசடி ஆகியவற்றால் இழப்பு நேர்ந்தால் வங்கியின் பொறுப்பை ஆண்டு வாடகையின் நூறு மடங்காக வரையறுத்தன. வாடகை 3,000 ரூபாய் என்றால் 3 லட்சம். நகைக்கு அது ஓரளவு ஈடு. எழுதியவர் இறந்த பின் தொலைந்த உயிலுக்கு எத்தனை லட்சமும் ஈடாகாது.

சார்பதிவாளர் அலுவலகம்: பதிவு செய்தல்

1908ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டம் உயிலுக்கு இரண்டு தனித்தனி வசதிகளைத் தருகிறது. பலரும் இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்கிறார்கள். முதலாவது பதிவு. ராஜபாளையத்திலோ ஸ்ரீவில்லிபுத்தூரிலோ சார்பதிவாளர் முன்பு உயிலைத் தாக்கல் செய்து பதிவு செய்யலாம். 27ஆம் பிரிவுப்படி இதற்குக் காலக்கெடு கிடையாது. எழுதியவர் இறந்த பிறகுகூட நிறைவேற்றுநரோ பயன்பெறுபவரோ பதிவுக்குக் கொண்டுவரலாம். நடமாட முடியாத முதியவர் என்றால் அலுவலரே வீட்டுக்கு வந்து பதிவு செய்ய 31ஆம் பிரிவு வழிசெய்கிறது.

பதிவான உயிலின் நகல் மூன்றாம் புத்தகத்தில் ஏறுகிறது. மூலம் தாக்கல் செய்தவரிடமே திரும்பி வருகிறது. இதைக் கவனத்தில் கொள்ள வேண்டும்: பதிவு அலுவலகம் மூலத்தை வைத்துக்கொள்வதில்லை. ஆனால் மூலத்துக்கு என்ன நேர்ந்தாலும் உள்ளடக்கம் அரசுப் பதிவேட்டில் நிற்கும். 237ஆம் பிரிவு கேட்கும் நகல் அங்கே தயாராக இருக்கும். ரகசியமும் காக்கப்படுகிறது. எழுதியவர் உயிரோடிருக்கும் வரை அவருக்கோ அவருடைய முகவருக்கோ மட்டுமே நகல் தருவார்கள். இறந்த பின் விண்ணப்பிக்கும் யாரும் பெறலாம்.

இதில் பலர் ஏமாறும் இடம் வில்லங்கச் சான்று. சொத்துப் பரிமாற்றங்கள் முதலாம் புத்தகத்தில் ஏறுகின்றன. வில்லங்கச் சான்று காட்டுவது அவற்றைத்தான். மூன்றாம் புத்தகத்து உயில் அதில் தெரியாது. வில்லங்கம் போட்டுப் பார்த்தோம், உயில் எதுவும் இல்லை என்று முடிவுகட்டுவது தவறு. மேலும் உயிலைத் தமிழ்நாட்டின் எந்தச் சார்பதிவாளர் அலுவலகத்திலும் பதிவு செய்யலாம். ராஜபாளையத்து மாந்தோப்புக்கான உயில், மகன் வீட்டுக்குப் போயிருந்தபோது கோயம்புத்தூரில் பதிவாகியிருக்கலாம். எந்த அலுவலகம், எந்த ஆண்டு என்ற குறிப்பு வீட்டில் இல்லையென்றால் தேடுபவர் எங்கே போய் நிற்பார்?

பதிவு செய்தாலே உயில் நிரூபணமாகிவிடும் என்பதும் சரியல்ல. 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய சாக்ஷ்ய அதினியத்தின் 67ஆம் பிரிவுப்படி, சான்றொப்பமிட்ட சாட்சிகளில் ஒருவராவது நீதிமன்றத்தில் வந்து சொல்ல வேண்டும். முப்பது ஆண்டு பழைய ஆவணம் தானாகவே உண்மை என்று கொள்ளும் சலுகை உயிலுக்கு இல்லை என்று உச்ச நீதிமன்றம் பலமுறை சொல்லியிருக்கிறது. ஆகவே தம்மைவிட வயதில் இளைய சாட்சிகளைத் தேர்ந்தெடுத்து, அவர்களுடைய முகவரி மாறும்போதெல்லாம் குறித்துவைப்பதும் உயிலைப் பாதுகாப்பதில் ஒரு பகுதியே.

மாவட்டப் பதிவாளர்: முத்திரையிட்ட உறை

இரண்டாவது வசதி, நம் மக்களில் மிகச் சிலரே அறிந்தது. பதிவுச் சட்டத்தின் 42 முதல் 46 வரையிலான பிரிவுகள். உயில் எழுதியவர் தாமாகவோ முறையான முகவர் மூலமாகவோ உயிலை உறையிலிட்டு முத்திரை வைத்து, மேலே தம் பெயரையும் ஆவணத்தின் தன்மையையும் எழுதிப் பதிவாளரிடம் ஒப்படைக்கலாம். இது சார்பதிவாளரிடம் நடக்காது, மாவட்டப் பதிவாளரிடம்தான். ராஜபாளையத்துக்காரர்களும் ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர்களும் இதற்கு விருதுநகர் போக வேண்டும்.

பதிவாளர் ஆளை உறுதி செய்துகொண்டு, உறையின் மேல் எழுதியதை ஐந்தாம் புத்தகத்தில் படியெடுக்கிறார். ஒப்படைத்த ஆண்டு, மாதம், நாள், நேரம் அனைத்தையும் குறிக்கிறார். உறை, சட்டத்தின் சொல்படியே, தீப்பிடிக்காத பெட்டிக்குள் போகிறது. உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று அலுவலகத்துக்கே தெரியாது. மனம் மாறினால் விண்ணப்பித்துத் திரும்பப் பெறலாம். எழுதியவர் இறந்த பிறகு ஒருவர் விண்ணப்பித்தால், அவர் முன்னிலையில் உறை திறக்கப்படும். அவர் செலவில் மூன்றாம் புத்தகத்தில் நகலெடுக்கப்படும். மூலம் மறுபடியும் பெட்டிக்கே போகும். நீதிமன்றம் உத்தரவிட்டால் அங்கே அனுப்பப்படும். மூலம் எந்த வாரிசின் கைக்கும் போகாமல் அரசின் காவலில் கடைசிவரை இருக்கும் ஒரே ஏற்பாடு இதுதான்.

குறைகளும் உண்டு. உறைக்குள் இருப்பதை யாரும் சரிபார்ப்பதில்லை. ஒரு சாட்சி மட்டுமே கையெழுத்திட்ட குறை அங்கேயே கண்டுபிடிக்கப்படாது. ஒப்படைத்தவர் இறந்த செய்தி அலுவலகத்துக்குத் தானாகப் போய்ச் சேராது. யாராவது போய்க் கேட்டால்தான் உறை திறக்கும். ஒப்படைத்த ரசீதை ஒளித்து வைத்தால் உறை பெட்டியிலேயே உறங்கும்.

வழக்கறிஞரும் நிறைவேற்றுநரும்

எழுதிக் கொடுத்த வழக்கறிஞரிடமே மூலத்தை விட்டுவைப்பவர்கள் உண்டு. நேர்மையான வழக்கறிஞரின் அலுவலகம் நல்ல இடம்தான். ஆனால் உயில் முப்பது ஆண்டு காத்திருக்கக் கூடியது. வழக்கறிஞரும் மூப்படைவார், அலுவலகம் இடம் மாறும், கட்டுகள் கைமாறும். கொடுத்தால் தேதியிட்ட ஒப்புகை வாங்கி வைக்க வேண்டும்.

நிறைவேற்றுநரை உயிலிலேயே பெயரிட்டு, அவருக்கு இடத்தைச் சொல்லிவைப்பது இன்னும் முக்கியம். தமிழகம் கண்ட இரண்டு மரணங்களை ஒப்பிட்டுப் பார்க்கலாம். 1987 டிசம்பரில் மறைந்த எம்.ஜி.ஆர். அவ்வாண்டு ஜனவரியிலேயே உயில் எழுதி, வழக்கறிஞர் என்.சி.ராகவாச்சாரியை நிறைவேற்றுநராக நியமித்திருந்தார். பின்னாளில் தகராறுகள் எழாமலில்லை. ஆயினும் செவித்திறன், பேச்சுத்திறன் குறைந்த பிள்ளைகளுக்கு ராமாவரம் தோட்டத்தில் பள்ளி என்ற அவர் எண்ணம் நிறைவேறியது. 2016இல் மறைந்த ஜெயலலிதாவின் உயில் என்று எதுவும் நிலைபெறவில்லை. அவருடைய வாரிசுகள் யார் என்பதைச் சொல்லவே 2020 மே மாதம் உயர் நீதிமன்றத் தீர்ப்பு வேண்டியிருந்தது.

உயில் இருந்தும் பொறுப்பாளர்களால் தாமதம் நேர்ந்ததற்குப் பச்சையப்ப முதலியார் சான்று. 1794 மார்ச்சில் உயில் எழுதி, சில நாட்களில் காலமானார். சொத்து பல கைகளில் சிக்கி, அன்றைய சென்னை உச்ச நீதிமன்றம் தலையிட்ட பிறகுதான் அறம் உருப்பெற்றது. அவர் பெயரால் பள்ளி தொடங்கியது 1842இல். காகிதம் பிழைத்தால் மட்டும் போதாது, அதைக் கையில் எடுத்து நடத்த ஆள் வேண்டும் என்பதற்கு இந்த அரை நூற்றாண்டு சாட்சி. தம் காலத்திலேயே கொடுத்து முடிப்பது இன்னொரு வழி. சென்னை மாகாண முதல்வராக இருந்த ராஜபாளையம் பூ.ச.குமாரசுவாமி ராஜா தம் வீட்டைக் காந்தி கலை மன்றத்துக்கு வழங்கினார். எல்லாராலும் அப்படி முடியாது. குடியிருக்கும் ஒரே வீட்டைச் செட்டில்மெண்ட் எழுதிக் கொடுத்துவிட்டுத் தவிக்கும் முதியவர்களும் இருக்கிறார்கள்.

உயிலோடு சேர வேண்டிய தாள்கள்

ஒவ்வோர் ஆவணத்துக்கும் தேவைப்படும் நேரம் வேறு. அதற்கேற்ப இடமும் வேறாக வேண்டும். தாய்ப்பத்திரம், கிரயப் பத்திரம் ஆகியவற்றின் மூலங்கள் லாக்கரில் இருக்கலாம். தொலைத்துவிட்டால் காவல் நிலையப் புகார், கண்டுபிடிக்க இயலவில்லை என்ற சான்று, நாளிதழ் அறிவிப்பு என்று அலைச்சல் வரும். பட்டா நகல், வரி ரசீது, காப்பீட்டுப் பத்திரம், வைப்புநிதிக் கணக்கு விவரம் ஆகியவை வீட்டுக் கோப்பில் போதும். பொது அதிகார ஆவணம் கொடுத்தவர் இறந்ததும் பொதுவாகக் காலாவதியாகிவிடும். அதை உயிலுக்கு மாற்றாக நம்பக் கூடாது.

சிகிச்சை குறித்த முன்விருப்ப ஆவணத்தைப் பூட்டி வைப்பதே தவறு. எழுதியவர் நினைவிழந்து படுத்திருக்கும்போது அது மருத்துவர் கையில் இருக்க வேண்டும். 2018இல் இதை ஏற்ற உச்ச நீதிமன்றம், 2023 ஜனவரியில் நடைமுறையை எளிதாக்கியது. இரண்டு சாட்சிகளோடு நோட்டரி அல்லது அரசிதழ்ப் பதிவு பெற்ற அலுவலர் முன் கையெழுத்திட்டால் போதும். ஒரு பிரதி உள்ளாட்சி அமைப்பு நியமிக்கும் அலுவலரிடம் இருக்க வேண்டும் என்றும் சொன்னது.

பத்து ஆண்டு கேட்பாரற்றுக் கிடக்கும் வங்கி வைப்புகள் ரிசர்வ் வங்கியின் நிதிக்குப் போகின்றன. அவற்றைத் தேட 2023இல் உத்கம் என்ற இணையதளமே திறக்கப்பட்டது. வீட்டார் அறியாமல் எத்தனை சேமிப்புகள் தங்கிவிடுகின்றன என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டாம்.

செய்ய வேண்டியது என்ன?

ஜெர்மனியில் 2012 முதல் நோட்டரிகள் சங்கத்தின் மத்திய உயில் பதிவேடு இயங்குகிறது. சிங்கப்பூர் உயில் பதிவேட்டில் உள்ளடக்கம் இருக்காது. உயில் எழுதப்பட்ட தேதியும் அது இருக்கும் இடமும் பதிவாகும். இரண்டும் ஒரே உண்மையை உணர்ந்தவை: உயிலைப் பூட்டுவதைவிடக் கண்டுபிடிக்க வைப்பதுதான் கடினம். நம் பதிவுத்துறையிடம் மூன்றாம், ஐந்தாம் புத்தகங்கள் ஏற்கெனவே இருக்கின்றன. இறப்புச் சான்றைக் காட்டினால், இறந்தவர் பெயரில் மாநிலத்தின் எந்த அலுவலகத்திலாவது உயில் பதிவோ ஒப்படைப்போ உண்டா என்று ஒரே தேடலில் சொல்லும் வசதியை அத்துறை தர வேண்டும். முத்திரை உறையைச் சார்பதிவாளர் அலுவலகத்திலேயே பெற்று விருதுநகருக்கு அனுப்பிவைக்கவும் வழிகாண வேண்டும்.

அதுவரை குடும்பங்கள் செய்யக் கூடியது இது. பிள்ளைகளுக்குள் ஒற்றுமை இருக்கும் வீட்டில், உயிலைப் பக்கத்துச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்து, மூலத்தை நிறைவேற்றுநரிடமோ பீரோவிலோ வைக்கலாம். மனத்தாங்கல் இருக்கும் வீட்டுக்கும், பிள்ளையில்லாத தம்பதியருக்கும், தனித்து வாழும் பெண்களுக்கும் மாவட்டப் பதிவாளரின் பெட்டியே சிறந்தது. எந்த வழியானாலும் ஒரு குறிப்புத் தாள் வேண்டும்: உயில் தேதி, இருக்கும் இடம், பதிவெண் அல்லது ஒப்படைப்பு ரசீது விவரம், சாட்சிகள் முகவரி, லாக்கர் உள்ள வங்கி, காப்பீடு, கடன் பாக்கி. யாருக்கு என்ன என்பதை அதில் எழுத வேண்டாம். அதன் பிரதி, வெவ்வேறு வீட்டில் வாழும் இரண்டு பேரிடம் இருக்கட்டும்.

உங்கள் வீட்டில் உயில் இருந்தால், அது எங்கே இருக்கிறது என்று இந்த வாரத்துக்குள் இரண்டு பேருக்குச் சொல்லிவிடுங்கள். இதற்குக் கட்டணமில்லை, வக்கீலும் தேவையில்லை.